கத்திரிக்குள் போன அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பேர் இருந்தோம். கணினியின் முன்னால் என் மனைவி. அவளுக்குப் பின்னால், கையில் கற்பூரத் தட்டுடன் அவளுடைய அண்ணன். சுவரோரம் பிளாஸ்டிக் முக்காலியில் நான். கணினித் திரையின் மேல்விளிம்பில் மூன்று கோடு விபூதியும் நடுவில் குங்குமமும் இருந்தன. அவள் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் இருந்தன. சக்கரங்கள் ஐந்து, பழங்கள் நான்கு.

இருபத்திரண்டு வருடம் நாளிதழில் வேலை பார்த்தவன் நான். முதலில் தாலுகா நிருபர், பிறகு செய்தி மேசையில் துணை ஆசிரியர். நேரத்தையும் எண்ணிக்கையையும் குறித்து வைத்துக்கொள்வது கைப்பழக்கமாகிவிட்டது. அதனால் அன்று நடந்ததை நிமிடக் கணக்கில் என்னால் சொல்ல முடியும். சிரிக்காமல் சொல்ல முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

விஷயம் இதுதான். பதினொரு மணிக்குப் பெங்களூரிலிருந்து ஒருவர் வீடியோ அழைப்பில் வருவார். என் மனைவி அவருக்கு ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் அவர்கள் நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலை. அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதுவரை அவள் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் பதினாறு வருடமாக மாணவர் பெயர்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒரு வருடம் முன்பு காலை நான்கரைக்கு எழுந்து இணையத்தில், சர்வர்களை இயக்கும் லினக்ஸ் படிக்கத் தொடங்கினாள். வயது நாற்பத்து மூன்று. மூன்று இடங்களில் விண்ணப்பித்தாள். ஓரிடத்தில் வயதைப் பார்த்து வேண்டாம் என்றார்கள், இன்னோரிடத்தில் அனுபவத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள், மூன்றாமிடத்தில் பதிலே வரவில்லை. நான்காவது இதுதான்.

"இதுவும் போச்சுன்னா நான் மூடி வெச்சிடுவேங்க. ஸ்கூல் ஆபீசே கதின்னு போயிடுவேன்," என்று முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னாள். அவள் மிரட்டுவதற்காகச் சொல்பவள் இல்லை. சாம்பார் ஊற்றிக்கொண்டே, பேருந்து நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

செய்து காட்ட வேண்டியது என்ன என்று அவள் எனக்கு ஒரு வாரமாக விளக்கியிருந்தாள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கணினி. ஆனால் அதற்குள் இரண்டு கணினிகள் இருப்பதைப் போல அமைத்துக்கொள்ள முடியும். மெய்நிகர் சர்வர் என்று செய்தி மேசையில் எழுதுவோம். ஒரே பெட்டிக்குள் இருந்தாலும் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று எட்ட இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு முகவரி வைத்துக்கொண்டு, நெட்வொர்க் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். முதல் சர்வரில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட வேண்டும். இரண்டாவது சர்வர் அதைத் தன் சொந்த ஃபோல்டரைப் போல மாட்டிக்கொள்ள வேண்டும். மவுண்ட் செய்வது என்பார்கள். அதன் பிறகு, எந்தப் பக்கம் ஒரு கோப்பை வைத்தாலும் இரண்டு பக்கமும் தெரியும். குறைந்தது ஐந்நூறு கோப்புகள் இருக்க வேண்டும். கடைசியாக இரண்டு சர்வர்களையும் அணைத்துவிட்டுத் திரும்ப எழுப்பினால், யாரும் கை வைக்காமலே அந்த இணைப்பு திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

பாடத்தில் சர்வர் ஒன்று, சர்வர் இரண்டு என்றிருந்தன. எது திறந்துவிடுவது, எது மாட்டிக்கொள்வது என்று அவளுக்குக் குழம்பிக்கொண்டே இருந்தது. ஒருநாள் சமையலறையிலிருந்து வந்து இரண்டுக்கும் பெயர் வைத்தாள். திறந்துவிடுவது தக்காளி. மாட்டிக்கொள்வது கத்திரி. அதற்குப் பிறகு குழப்பம் வரவில்லை.

தக்காளி என்ற பெயரில் அவளுடைய அண்ணனுக்கு அளவில்லாத பெருமை. மச்சானுக்கு மாரண்டஹள்ளியில் தக்காளி வியாபாரம். தோட்டங்களில் எடுத்துத் தன் லோடு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் போடுவார். தருமபுரிப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு கூடை இறக்கிவிட்டு, திரையில் தன் பெயரையே வைத்த மாதிரி ஒளிரும் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுப் போவார்.

"மொதல்ல திறந்து குடுக்கறது யாரு? தக்காளி. வாங்கிக்கறது யாரு? கத்திரிக்கா. எந்த ஊர்லயும் இப்பிடித்தானுங்க மாப்ள," என்பார்.

நேர்காணல் நேரம் மின்னஞ்சலில் வந்ததும் அவள் அண்ணனுக்குத்தான் முதலில் போன் செய்தாள். மறுநாளே நாள்காட்டித் தாளுடன் வந்து நின்றார்.

"வெள்ளிக்கெழம பதினோரு மணி. பத்தரையில இருந்து பன்னெண்டு ராகு காலம். எந்தப் புண்ணியவான்மா வெச்சான் இந்த நேரத்த?"

"அவங்க என்னண்ணா நம்ம காலண்டரப் பாத்தா வெப்பாங்க?"

"ஒரு போன் போட்டு ஒம்பதே காலுக்கு மாத்தச் சொல்லு."

"மூணு எடத்துல வேணாம்னுட்டாங்க. இவங்க கூப்புட்டதே பெருசு. நேரத்த மாத்துங்கன்னு சொன்னா ஆள மாத்திக்குவாங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். "பெங்களூர்ல ராகு காலம் வேற நேரமுங்களா மாப்ள?"

நான் யோசித்துப் பார்த்து, சூரிய உதயத்தைப் பொறுத்து ஓரிரு நிமிடம் வித்தியாசம் இருக்கலாம் என்றேன். உண்மையைச் சொல்வது சில சமயம் உதவாது.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் நல்ல நேரம். வேலையை அதற்குள் தொடங்கிவிட வேண்டும். தொடங்கியது நல்ல நேரமாக இருந்தால் தொடர்வது எந்த நேரமாக இருந்தாலும் பாதகமில்லை. "கல்யாணத்துல தாலி கட்றதுக்குத்தான் முகூர்த்தம். பந்திக்கா பாக்கறோம்?" என்றார்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கே லோடு வண்டி வாசலில் நின்றது. தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம், ஒரு முழம் கனகாம்பரம். புதிய வண்டிக்குச் செய்யும் எல்லாவற்றையும் செய்யத்தான் வந்திருந்தார். பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும், கணினிக்குச் சக்கரமில்லை. அறையில் சக்கரம் இருந்த ஒரே பொருள் நாற்காலி. பழங்களை வைத்துவிட்டு அவளைத் தள்ளி நசுக்கச் சொன்னார். ஒரு பழம் நசுங்கி, ஒன்று சுவரோரம் ஓடி, ஒன்று என் கால் விரலில் வந்து முட்டியது. ஓடிய இரண்டையும் திரும்ப எடுத்து வைத்தோம். பால் காய்ச்சலாமா என்று கேட்டார். கணினிப் பக்கத்தில் ஒரு சொட்டு ஈரம் வந்தாலும் அண்ணன் என்று பார்க்க மாட்டேன் என்று அவள் சொன்னாள்.

ஒன்பதே காலுக்கு அவள் தொடங்கினாள். தக்காளியில் ஃபோல்டரைத் திறந்துவிட்டாள். கத்திரியில் 'பொது' என்று ஒரு காலி ஃபோல்டரை உண்டாக்கினாள். தக்காளியின் ஃபோல்டர் வந்து அதன் மேல்தான் உட்கார வேண்டும். மவுண்ட் கட்டளையைக் கொடுத்தாள். அனுமதி இல்லை என்று வந்தது. திரும்பக் கொடுத்தாள். திரும்பவும் அனுமதி இல்லை. முந்தின நாள் ஏழு முறை சரியாக வந்த அதே கட்டளை.

மணி பத்தே காலை நெருங்கியது. மச்சான் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். ஏற்றிய கற்பூரம் யாருக்கும் காத்திருக்காது.

"ஏம்மா, நேரம் போவுது. எதையாச்சும் உள்ள வெய்யி."

"இன்னும் கனெக்சனே வரலண்ணா."

"கனெக்சன் அப்பறம் வரட்டும். கரன்ட்டு வராத வூட்டுக்குக் குடி போனதில்லயா நாம? சாமானத்த உள்ள வெச்சிடு, நேரம் கணக்காயிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பன்னிரண்டு.

வைக்க வேண்டிய சாமான் என்னுடையது. பரணில் கிடந்த என் செய்தித் துணுக்குகளை அவள் பயிற்சிக்காக ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஒரு பென்டிரைவில் வைத்திருந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள். குடிநீர்க் குழாய் உடைப்பு, சாலை மறியல், ஆடித் திருவிழா, பேருந்து நிலையத்தில் பசு. இழந்தால் நாடு அழும்படியான எதுவும் அதில் இல்லை.

"தக்காளில வெக்கணுமா கத்திரில வெக்கணுமா?" என்று அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டாள்.

"போயிச் சேர வேண்டிய எடம் எது?" என்றார் மச்சான்.

"கத்திரி."

"அப்ப நேரா அங்கியே வெய்யி. எப்பிடியும் ரெண்டும் ஒண்ணுதான?"

ஒன்றாகத்தான் ஆகப்போகிறது. அவளுக்கும் அது சரியாகப் பட்டது. படங்களைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கப் போனாள். மச்சான் குனிந்து பார்த்தார்.

"இங்கியும் இருக்குமா அங்கியும் இருக்குமா?"

"ஆமாண்ணா, காப்பி."

"குடி போறதுன்னா முழுசாப் போவணும். பாதிச் சாமானப் பழைய வூட்லயே வுட்டுட்டு வந்தா அது குடி போறதா? விருந்துக்குப் போற மாதிரி."

அவள் நகல் எடுக்கவில்லை. நகர்த்தினாள். பென்டிரைவ் காலியானது. அறுநூற்றுப் பன்னிரண்டும் கத்திரியின் 'பொது' ஃபோல்டருக்குள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து பதினான்கு. மச்சான் வாசலில் தேங்காயை உடைத்தார். சரிபாதியாக உடைந்தது. மூவரும் கையெடுத்துக் கும்பிட்டோம், நானும்தான்.

பத்து முப்பத்தாறுக்கு அவள் பிழையைக் கண்டுபிடித்தாள். கத்திரிக்கு அன்று காலை எழும்போது புது முகவரி கிடைத்திருந்தது. தக்காளியின் அனுமதிப் பட்டியலில் பழைய முகவரிதான் இருந்தது. வேறு யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று தக்காளி திறக்க மறுத்திருக்கிறது. கத்திரிக்கு இனி மாறாதபடி ஒரு முகவரியைக் கொடுத்து, அதைப் பட்டியலிலும் எழுதினாள். மவுண்ட் கட்டளை கொடுத்தாள். இந்த முறை எதிர்ப்பே இல்லை.

"வந்திடுச்சு!" என்று நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். மிச்சமிருந்த எலுமிச்சம்பழங்களும் நசுங்கின. பிறகு கத்திரியின் 'பொது' ஃபோல்டரைத் திறந்தாள்.

காலி.

மூடித் திறந்தாள். காலி. தக்காளியின் பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கேயும் காலி. பென்டிரைவைப் பார்த்தாள். அது முழு மனதாகக் குடி பெயர்ந்துவிட்டது, ஒரு துணுக்குகூட அதில் மிச்சமில்லை.

"மணி என்னம்மா?" என்றார் மச்சான் மெதுவாக.

"பத்து முப்பத்தெட்டு."

"ராகு காலத்துல கை வெச்சிட்ட."

"அண்ணா, கொஞ்சம் சும்மா இருக்கியா?"

"நான் ஒண்ணியும் சொல்லல. தேங்கா ஒழுங்கா ஒடஞ்சிது. அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துது. அந்தாளோட நம்பரக் குடு, நான் பேசறன். வூட்ல ஒரு துக்கம்னு சொல்லிக்கலாம்."

"யாருக்கு?"

அவர் யோசித்தார். என் பக்கம் அவர் கண் போனதை நான் குறித்துக்கொண்டேன்.

வேறு ஏதாவது படங்களைப் போட்டுச் சமாளிக்கலாமே, கல்யாண ஆல்பம் இருக்கிறதே என்று நான் சொன்னேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "போட்டுக் காட்டலாங்க. ஆனா ஏன் போச்சுன்னு எனக்கே தெரியலயே. அவரு ஒரு கேள்வி கேட்டாருன்னா நான் என்னன்னு சொல்றது? அவங்க ஆஸ்பத்திரி சர்வரெல்லாம் பாக்கறாங்க. அங்க இப்பிடிக் காணாமப் போச்சுன்னா?" அவளுடைய கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளி அலுவலகத்தின் நினைப்பு அவள் முகத்தில் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

காணாமல் போனவர்களைப் பற்றி நான் எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். கேட்க வேண்டியது எப்போதும் ஒன்றுதான்.

"கடைசியா எப்ப பாத்த?"

"பத்து பதினாலுக்கு."

"அதுக்கப்புறம் அழிச்சியா?"

"அழிக்கவே இல்லீங்க. மவுண்ட் மட்டுந்தான்."

"அப்ப எடம் காலியாயிருக்குமா?"

அவள் கைகள் நின்றன. பிறகு கத்திரியின் வட்டில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள். காலையில் தாளில் குறித்திருந்த அளவோடு ஒப்பிட்டாள். கூடுதலாக இருந்தது. எவ்வளவு கூடுதல் என்று கழித்துப் பார்த்தாள். என் இருபத்திரண்டு வருடத்தின் எடை சரியாக அவ்வளவுதான்.

"இங்கதான் இருக்குது," என்றாள். "எங்கியும் போவல. வூட்டுக்குள்ளயேதான் இருக்குது."

"எங்கம்மா, நான் பாக்கறப்ப ஒண்ணியும் இல்லியே?" என்றார் மச்சான்.

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். நான் பதினெட்டு வருடமாகப் பார்க்கும் முகம். அதில் அப்போது வந்த மாற்றத்தைப் படம் பிடித்திருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்பேன். வாய் லேசாகத் திறந்தது. பிறகு மூடியது. பிறகு காது வரை விரிந்தது.

"மேல வந்து உக்காந்துக்கிச்சு!" என்றாள். "தக்காளி வந்து மேல உக்காந்துக்கிச்சுங்க. அடில இருக்கறது தெரியல!"

மவுண்டைக் கழற்றினாள். 'பொது' ஃபோல்டரைத் திறந்தாள். குழாய் உடைப்பு, மறியல், திருவிழா, பசு. அறுநூற்றுப் பன்னிரண்டும் வரிசையாக நின்றன. மணி பத்து ஐம்பத்து மூன்று.

மச்சான் ஒரு கூச்சல் போட்டார். வாசலுக்கு எதிரே நெடுஞ்சாலையில் போன யாரோ பதிலுக்கு ஹாரன் அடித்தார்கள். அவள் திரும்ப மவுண்ட் செய்தாள். காலி. கழற்றினாள். எல்லாம் வந்தன. செய்தாள், காலி. கழற்றினாள், பசு.

"இன்னொரு தடவ காட்டு," என்றார் மச்சான்.

"இல்ல… இருக்குது… இல்ல… இருக்குது…" என்று அவள் விசையைத் தட்டத் தட்ட, அவர் முழங்காலில் கைவைத்துக் குனிந்து, வித்தை காட்டுபவன் முன் நிற்பவரைப் போல ஒவ்வொரு முறையும் "அட!" என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தது அப்போதுதான். எனக்கு ஆரம்பித்தால் நிற்காது. முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போகப்போகிறதா வரப்போகிறதா என்பது இன்னும் ஆறு நிமிடத்தில் தெரியும். நாங்கள் மூன்று பேரும் எலுமிச்சைச் சாற்றில் வழுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.

விஷயம் எளிமையானது, அதைப் படித்த எல்லோருக்கும் தெரியும். ஒரு ஃபோல்டரின் மேல் வெளியிலிருந்து இன்னொன்றை மாட்டினால், மாட்டியதுதான் கண்ணில் படும். அடியில் முன்பே இருந்தவை அழிவதில்லை. மாட்டியதைக் கழற்றும்வரை அவற்றைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அதனால் எல்லோரும் காலி ஃபோல்டரின் மேல்தான் மாட்டுவார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் யாரும் அதற்குள் குடி போவதில்லை.

பத்து ஐம்பத்தொன்பதுக்கு அழைப்பு வந்தது. ஒரு நிமிடம் முன்னதாகவே. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். மச்சான் கேமராவுக்குப் படாதபடி சுவரோடு ஒட்டினார். நான் தரையிலேயே இருந்தேன்.

திரையில் வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தாடி, கண்ணாடி. தமிழ்தான் பேசினார், ஆனால் ஓரத்தில் கன்னடம் எட்டிப் பார்த்தது. "ஸ்டார்ட் பண்ணலாமா மேடம்? மவுண்ட் ஆகிடுச்சா? காட்டுங்க."

அவள் கத்திரியைக் காட்டினாள். விளையாடி முடித்தபோது கடைசியில் எந்த நிலையில் விட்டோம் என்பதை யாரும் பார்த்திருக்கவில்லை. மவுண்ட் செய்த நிலையில் விட்டிருந்தோம்.

"மவுண்ட் ஓகே," என்றார் அவர். "ஆனா ஃபைல் ஒண்ணும் இல்லையே?"

அவள் முந்தானையைக் கடித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "பரவால்ல மேடம், டென்ஷன் வேண்டாம்," என்றார்.

"டென்ஷன் இல்லீங்க சார். ஃபைல் இருக்குதுங்க. அடில இருக்குது." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மவுண்ட் வருமுன் படங்களைத் தான் உள்ளே வைத்துவிட்டதையும், மவுண்ட் அவற்றை மூடியதையும், வட்டின் அளவை வைத்துக் கண்டுபிடித்ததையும் வரிசையாகச் சொன்னாள். கழற்றிக் காட்டினாள், மாட்டிக் காட்டினாள். நான் கேட்ட நேர்காணல்களில் அவ்வளவு சுத்தமான ஒன்று குறைவு. எதையும் மறைக்கவில்லை, எதற்கும் மன்னிப்பும் கேட்கவில்லை.

அவர் தாடியைத் தடவினார். "புரியுது. ஆனா மவுண்ட் ஆகறதுக்கு முன்னாடி எதுக்கு உள்ள வெச்சீங்க? என்ன ரீசன்?"

அவள் வாயைத் திறந்தாள்.

"நல்ல நேரம் முடியறதுக்குள்ளங்க சார்!" என்றது சுவர்.

"யாரது?"

"எங்கண்ணன் சார்."

இரண்டு விநாடி. மூன்று. நான் எண்ணினேன். என் மனைவியின் கழுத்து சிவந்தது. அந்த மூன்று விநாடியில் எனக்கு அந்தப் பள்ளி அலுவலகத்தின் பச்சைக் கதவு தெரிந்தது.

"ஹௌதா!" என்றார் அவர், 'அப்படியா' என்பதைக் கன்னடத்தில். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, முகத்தைக் கையால் மூடியிருந்தார். கையை எடுத்தபோது முகம் ஒழுங்காக இருந்தது. "சரி மேடம். இப்ப ஒரு ஃபைல்கூடப் போகாம, இந்தப் படங்கள தக்காளிக்குக் கொண்டு போங்க. பாக்கறேன்."

அவள் கழற்றினாள். படங்களை வேறொரு ஃபோல்டருக்கு எடுத்து வைத்தாள். இந்த முறை நகல்தான். எண்ணினாள். 'பொது'வைக் காலி செய்தாள். மவுண்ட் செய்தாள். எடுத்து வைத்ததை உள்ளே போட்டாள். தக்காளியின் பக்கம் போய் எண்ணிக்கை கேட்டாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. கத்திரியில் கேட்டாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. தக்காளியில் ஒரு புதுக் கோப்பை வைத்தாள். இரண்டும் அறுநூற்றுப் பதின்மூன்றாயின.

கடைசிப் பகுதி இரண்டையும் அணைத்து எழுப்புவது. அவள் தக்காளியை முதலில் எழுப்பினாள். அது நிலைத்த பிறகு கத்திரியை எழுப்பினாள். ஏன் அந்த வரிசை என்று அவர் கேட்டார். "திறந்து குடுக்கறவங்க வூட்ல இருந்தாத்தான சார் போறவங்க போக முடியும்?" என்றாள். கத்திரி எழ நாற்பது விநாடி ஆனது. மச்சானின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எந்தச் சாமியை அழைத்தார் என்று பிறகு கேட்டேன்; அந்த அவசரத்தில் குறிப்பிட்டு யாரையும் அழைக்கவில்லை, வந்தவர் வரட்டும் என்று பொதுவாகச் சொன்னதாகக் கூறினார்.

'பொது' தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அறுநூற்றுப் பதின்மூன்றாவது உட்பட எல்லாம் இருந்தன.

"தேங்க்ஸ் மேடம். மெயில் அனுப்பறேன்," என்றார் அவர். முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. அழைப்பைத் துண்டிக்கும் முன், "அண்ணனுக்கும் தேங்க்ஸ்," என்றார்.

அதற்குப் பிறகான ஐம்பது நிமிடம் வீட்டில் யாரும் முழு வாக்கியம் பேசவில்லை. "அவரு 'மேடம்'னு சொன்ன விதம்…" என்று அவள் தொடங்குவாள். "நான் வாயத் தொறக்காம…" என்பார் மச்சான். அவள் தரையில் எலுமிச்சைப் பிசுபிசுப்பைத் துடைத்தாள். நான் அவள் துடைத்த இடத்தைத் திரும்பத் துடைத்தேன். மச்சானுக்குச் சந்தையிலிருந்து மூன்று முறை போன் வந்தது. மூன்று முறையும், "வண்டி ரிப்பேரு," என்றார்.

பன்னிரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு மின்னஞ்சல் வந்தது. அவள் திறக்கவில்லை. "நீங்க படிங்க," என்று என்னிடம் தள்ளினாள். நான் செய்தி மேசையில் படிப்பதைப் போல முதலிலிருந்து முற்றுப்புள்ளி வரை படித்தேன். ஐந்து வரி. மூன்று மாதம் தகுதிகாண் காலம். திங்கட்கிழமை சேர வேண்டும். மைக் வைத்த ஹெட்செட் ஒன்று அவசியம். முதல் வேலையாக, புதிதாகச் சேர்பவர்களுக்கு மவுண்ட் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். இன்று செய்த பிழையை அதில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

"சேரணும்னா…" என்றாள். "சேத்துக்கிட்டாங்கன்னா அர்த்தம்?"

"ஆமா."

"திரும்பப் படிங்க."

படித்தேன். மூன்றாவது முறையும் படித்தேன். அவள் சத்தமே போடவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போனாள். துணிக்கொடிக்கு அருகில் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கி, சத்தமில்லாமல் நான்கு முறை குதித்தாள். பிறகு ஒன்றும் நடக்காதவளைப் போலத் திரும்பி வந்து, "ஹெட்செட் வாங்கணுங்க," என்றாள்.

தருமபுரிக்கு லோடு வண்டியிலேயே போனோம். முன் இருக்கையில் மூன்று பேர், நடுவில் அவள். பின்னால் காலிப் பெட்டிகள் ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ளின. மச்சான் பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த கடையில் இறங்கி, "தங்கச்சி பெங்களூர் கம்பெனியில இருக்குது, நல்லதாக் காட்டுங்க," என்று கடைக்காரரிடம் சொன்னார். அவள் எட்டு ஹெட்செட்டுகளைப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் "ஹலோ, சொல்லுங்க சார்," என்றாள். கடைக்காரர் எட்டு முறையும் "நல்லா இருக்குதுங்க," என்றார்.

கறுப்பு நிறத்தில் ஒன்றை வாங்கினோம். பெட்டியில் வைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. வண்டியில் ஏறும்போதே தலையில் மாட்டிக்கொண்டாள். கம்பியின் மறுமுனை மடியில் கிடந்தது. இன்ஜின் இரைச்சலில் மச்சான் ஏதோ கேட்டார். அவள் காதிலிருந்து அதை எடுக்காமலே மைக்கை உதட்டுக்கு அருகில் வளைத்து, "சொல்லுங்கண்ணா, லைன்ல இருக்கேன்," என்றாள்.